கீபோர்டு இல்லாமல் என்ன விலை

எஸ்.பி. ரோடு, பெங்களூரு
4-7-2025

தமயந்தி அம்மிணிக்கு,

நீ கேட்ட கழற்றி மாட்டும் டேப்லெட் லேப்டாப் நேற்றுக் காலை கடைக்கு வந்தது. ஒன்றரை நாள் நானே வைத்துப் பார்த்தேன். உனக்கு அதை விற்க மாட்டேன்.

மூன்று வருஷம் கழித்து லாயிட் கையில் ஒரு துண்டுச் சீட்டு. "இந்த மாடல் என்ன விலை, பேனாவோடு வருமா." அவ்வளவுதான். நல்லா இருக்கீங்களா என்று ஒரு வரி கிடையாது. போன் பண்ணிப் பேசலாம் என்று பார்த்தால் என் நம்பரை இன்னும் பிளாக்கிலேயே வைத்திருக்கிறாய். சரி, லாயிட் தினமும் நம் கடையில் பார்சல் எடுக்க வருகிறவன், மர்பி டவுனில் உன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவன். அவன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கடை வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து நீதான் எழுதினாய். பணம் வாங்குவதற்கு முன்னால் பில்லின் பின்பக்கம் மெஷினின் மூன்று குறைகளைக் கையால் எழுதுவோம், கஸ்டமர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டியைக் கொடுப்போம். இந்த மெஷினுக்கு மூன்று போதாது. மடியில் நிற்காது, பின்னாலுள்ள ஸ்டாண்டை விரித்து மேஜை மேல் வைத்தால்தான் நிற்கும். மெமரி நாலு ஜிபி, பின்னால் கூட்டிக்கொள்ளவும் வழியில்லை, போர்டிலேயே பற்றவைத்துவிட்டான். வயர் குத்த ஒரே ஒரு ஓட்டை, சார்ஜ் போட்டால் அதுவும் போச்சு. எல்லாவற்றையும் விட மோசம் பேனா. கோடு இழுத்தால் பாதியில் காணாமல் போய் ஒரு அங்குலம் தள்ளி எழுந்து வருகிறது.

இதற்குக் கீபோர்டோடு இருபத்தோராயிரத்து ஐந்நூறு. பேனா தனியாக ஆயிரத்து ஐந்நூறு. அதே காசுக்கு ஐ.டி. கம்பெனியிலிருந்து திரும்பி வந்த பதினாலு அங்குல லேப்டாப் தருகிறேன். எட்டு ஜிபி, கல்லு மாதிரி இருக்கும். என்ன வேலைக்கு என்று நீ எழுதவில்லை. எழுதினால்தானே எதுவும் சொல்ல முடியும்?

இப்படிக்கு,
பழனிச்சாமி


மர்பி டவுன்
6-7-2025

பழனிச்சாமி அண்ணாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? எழுதிவிட்டேன். விலை கேட்டேன், பிரசங்கம் வந்தது. பரவாயில்லை, வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

முன் ரூமில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்று போட்டிருக்கிறேன். கல்யாண பிளவுசுக்கு முதுகும் கையும் தைக்கிறேன். வைட்ஃபீல்டில் வித்யாலட்சுமி என்று ஒரு மேடம், பொட்டிக் வைத்திருக்கிறார். அவருடைய கஸ்டமர்கள் பெரிய பெரிய அபார்ட்மென்ட்டில் இருக்கிறவர்கள், கடைக்கு வர மாட்டார்கள். நாம்தான் போய், அவர்கள் சோஃபாவில் உட்கார்ந்து, பிளவுஸ் போட்டோ மேலேயே டிசைனை வரைந்து காட்டி, அங்கேயே சரி என்று வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஆகஸ்ட் ஒன்றாம் தேதியிலிருந்து ஆவணிக் கல்யாணங்களுக்கு அறுபது பிளவுஸ். என்னால் முடியாவிட்டால் மாரத்தஹள்ளியில் வேறு ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அதே டிசைனைத் தையலாக மாற்றும் சாஃப்ட்வேரில் போட வேண்டும். இப்போது அந்த வேலையைச் சிக்பேட்டையில் கொடுக்கிறேன். ஒரு டிசைனுக்கு முந்நூறு ரூபாய், இரண்டு நாள் காத்திருப்பு. அறுபதுக்கு அப்படி ஓடினால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆக ஒரே மெஷின், இரண்டு வேலை. கையில் இருபத்தைந்தாயிரம் இருக்கிறது. தப்பானதை வாங்கினால் இன்னொன்று வாங்க வழியில்லை, அறுபது பிளவுசும் போய்விடும்.

லேப்டாப் வேண்டாம் அண்ணா. ஒருத்தர் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தால் இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவள் மாதிரி இருக்கும். மூடிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். படத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். பெட்டியைப் பிரித்ததும், யார் கையும் படுவதற்கு முன்னால், வழக்கம்போல அந்த முப்பது ரூபாய்க் கண்ணாடியைத் திரை மேல் ஒட்டிவிட்டீர்களா? ஒட்டிவிட்டுத்தான் பேனாவைத் திட்டுகிறீர்களா?

தமயந்தி


எஸ்.பி. ரோடு
8-7-2025

அம்மிணி,

கண்ணாடியை உரித்துவிட்டேன். பேனா எழுதுகிறது.

பத்தொன்பது வருஷமாக இந்த ரோட்டில் கடை வைத்திருக்கிறேன். செல்போனுக்கு ஒட்டுகிற பழக்கத்தில் கை தானாக ஒட்டிவிட்டது. வெளியே சொல்லாதே. லாயிட்டிடம் நானே உளறிவிட்டேன். "என்ன பாஸ், ரெயின்கோட் போட்டுக்கிட்டு குளிச்சுட்டு தண்ணியே வரலேன்னு சொல்றீங்களே" என்று ரோடு பூராவும் கேட்கிற மாதிரி சிரித்தான்.

இப்போது என் புத்தி வேறு பக்கம் போகிறது. கீபோர்டைக் கழற்றிவிட்டால் எடை அரைக்கிலோதான். ஃபேன் கிடையாது, சத்தம் இல்லை, சூடும் இல்லை. காலை ஒன்பதுக்கு எடுத்தது சாயங்காலம் நாலு வரை சார்ஜ் நின்றது. நான் மாங்காய் டிசைன் ஒன்று வரைந்து வீட்டில் சரசுவிடம் காட்டினேன். முந்திரிப் பருப்பா என்று கேட்டாள். ஆனால் கேட்டபடியே என் கையிலிருந்து அதைப் பிடுங்கி அரை மணி நேரம் என்னமோ வரைந்துகொண்டிருந்தாள். நீ சொல்கிறது அதுதான் போல. கையில் கொடுத்தால் ஆள் விடமாட்டார்கள்.

ஆகவே வாங்கு. முந்தா நேற்று வரை வேண்டாம் என்ற வாயால் இதைச் சொல்வது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. மற்ற கஸ்டமர் என்றால் முகத்தைப் பார்த்து, பத்து நிமிஷத்தில் உனக்கு இதுதான் என்று எடுத்து வைத்துவிடுவேன். உன் முகத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. அதனால்தான் இப்படித் தடுமாறுகிறேனோ என்னமோ.

புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்.

பழனிச்சாமி


மர்பி டவுன்
10-7-2025

அண்ணா,

புதன் போய்விட்டது. நான் வரவில்லை. வேண்டாம் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு அதுதான் வேண்டும் என்றிருந்தது. வாங்கு என்று நீங்கள் எழுதியதும் பயம் வந்துவிட்டது.

இந்திராநகரில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். ஷில்பா என்று பேட்ஜ் குத்திய பெண். "மேடம், இது எல்லாம் ஸ்டூடன்ட்ஸ் நோட்ஸ் எழுதுறதுக்கு. உங்களுக்குச் சரியானது ஐம்பத்தெட்டாயிரத்துல இருக்கு" என்றாள். டீ வேண்டுமா என்றும் கேட்டாள். ஓடி வந்துவிட்டேன். வீட்டில் வீடியோ பார்த்தேன். ஒருத்தர் இந்த விலைக்கு இதை அடிக்க ஆளே இல்லை என்கிறார். இன்னொருத்தர் தொடாதே என்கிறார். தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று எழுதினேன். சின்னத் திரை என்பதை இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன். பையில் போக நல்லது, தையல் புள்ளியைப் பார்க்கக் கெட்டது.

நீங்கள் முதல் கடிதத்தில் எழுதிய அந்த ஒற்றை ஓட்டைதான் இப்போது என்னைக் கொல்கிறது. என் சாஃப்ட்வேருக்கு டாங்கிள் என்று ஒரு பூட்டுச்சாவி உண்டு. பென்டிரைவ் மாதிரி இருக்கும், அது குத்தியிருந்தால்தான் திறக்கும். அதைக் குத்தினால் சார்ஜ் போட முடியாது. பகல் பூராவும் வைட்ஃபீல்டில் ஓடிவிட்டு வருகிற பேட்டரியில் தையல் வேலை எப்படி நடக்கும்? அந்தப் பதினாலு அங்குல லேப்டாப்பையே கொடுத்துவிடுங்கள்.

ஒன்று நேராகவே கேட்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு டியூஷன் கம்பெனிக்காரர் நாற்பது மெஷின் எடுக்க வந்தார். பேட்டரி இரண்டு மணி நேரம்தான் நிற்கும் என்று பில்லின் பின்னால் எழுதினேன். அவர் கண் முன்னால் அந்தப் பில்லைக் கிழித்து என் மேஜையில் போட்டீர்கள். அவரும் போய்விட்டார், நானும் வேலையை விட்டு வந்துவிட்டேன். எனக்கு விற்க மாட்டேன் என்று எழுதினீர்களே, அது அக்கறையா, அந்த நாற்பதா?

தமயந்தி


எஸ்.பி. ரோடு
12-7-2025

அம்மிணி,

லேப்டாப் நேற்று விற்றுவிட்டது.

பில்லைக் கிழித்தது தப்பு. நாற்பது மெஷின் போனதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிக்கட்டலாம் என்று மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், முடியவில்லை. நீ எழுதியது பொய் என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் அதை நாலாவதாக எழுதினாய். மூன்று எழுதுவதுதானே நம் வழக்கம்? நாலாவதை எழுத வேண்டும் என்றால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உனக்கு விற்க மாட்டேன் என்று எழுதியது எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கறை என்றுதான் நினைத்துக்கொண்டு எழுதினேன். நீ கேட்ட பிறகு சந்தேகமாக இருக்கிறது.

ஒற்றை ஓட்டைக்கு மருந்து உண்டு. நாலு வாய் வைத்த ஹப், எண்ணூற்றைம்பது ரூபாய். சார்ஜும் ஏறும், சாவியும் நிற்கும். எழுதி எழுதி இரண்டு பேருக்கும் புத்தி கலங்கினதுதான் மிச்சம். மெஷினையும் ஹப்பையும் பேனாவையும் லாயிட்டிடம் கொடுத்திருக்கிறேன். மூன்று நாள் ஓட்டிப் பார். காசும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். கண்ணாடி ஒட்டவில்லை.

பழனிச்சாமி


மர்பி டவுன்
15-7-2025

அண்ணா,

கீபோர்டை எடுத்து வைத்துக்கொண்டு வெறும் திரையை அனுப்பியிருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன் என்று பிணையம் பிடித்தீர்களா? முதல் நாள் அந்தக் கோபத்தில் பையை மூடி வைத்துவிட்டு மறுபடி திறக்கவே இல்லை. லாயிட்டைக் கேட்டால், "கழட்டுற ஐட்டம்தானேக்கா, கழட்டித்தான் குடுத்தாருன்னு நினைச்சேன்" என்கிறான்.

நேற்று வித்யாலட்சுமி மேடம் போன் பண்ணி, ஒரு வீட்டில் ஒத்திகை பார்க்கலாம் வா என்றார். வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன். பதினாலாவது மாடி. கல்யாணப் பெண் வீணா, அவளுடைய வருங்கால மாமியார், மேடம், நான். பிளவுஸ் போட்டோ மேலே மயிலை வரைந்தேன். "அக்கா, தோகை சொல்ப ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று வீணா என் கையிலிருந்து பேனாவை எடுத்து நாலு இறகை அழித்தாள். மாமியார், "ஏம்மா, மயிலுக்கு ஜுரமா?" என்று அவளிடமிருந்து பிடுங்கி இரண்டு இறகைத் திருப்பி வைத்தார். இப்படியே இருவர் கையிலும் மாறி மாறிப் போய், ஒரு மணி நேரத்தில் மூன்று டிசைன் முடிந்துவிட்டது. என் கையில் அது இருந்தது பத்து நிமிஷம்தான். லிஃப்டில் மேடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஒண்ணாம் தேதி, ஒன்பது மணி."

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து ஹப்பைப் போட்டு, சாவியைக் குத்தி, சாஃப்ட்வேரைத் திறந்தேன். கைக்குப் போடுகிற சின்ன டிசைன் ஓடியது. முதுகு டிசைன் நாற்பதாயிரம் தையல். அதைப் போட்டதும் அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன், மறுபடி நின்றது. பட்டன்கள் எல்லாம் கடுகு சைஸ், பேனா முனையால் பொறுக்க வேண்டியிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

வெளியே இதைவிட நல்ல மெஷின் கிடையாது, வீட்டில் இதைவிடத் தண்டம் கிடையாது. இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

மூன்றாவது நாள்தான் உறைத்தது. கீபோர்டு இல்லை என்பதையே நான் மறந்துபோயிருக்கிறேன். டைப் அடிக்க வேண்டிய வேலை முழுக்க வீட்டில்தான், வீட்டு வேலைக்கோ இது லாயக்கில்லை. அதனால் கேட்கிறேன். கீபோர்டு இல்லாமல் என்ன விலை? கடை மாடியில் கம்பெனிகளிலிருந்து வந்த பழைய டவர், மானிட்டர் எல்லாம் அடுக்கி வைத்திருப்பீர்களே, இன்னும் இருக்கிறதா?

தமயந்தி


எஸ்.பி. ரோடு
17-7-2025

அம்மிணி,

பிணையமும் இல்லை, ஒன்றும் இல்லை. மெஷினை உனக்காகப் பையில் வைக்கும் நேரத்தில் பாலசுப்ரமணியன் என்று ஒரு ரிடையர்ட் சார் வந்தார். காந்தம் எப்படிப் பிடிக்கிறது என்று அவருக்குக் கழற்றிக் காட்டினேன். கீபோர்டு டெலிவரி நோட்டுக்கு அடியில் தங்கிவிட்டது. லாயிட் வெறும் திரையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் பார்த்தது சாயங்காலம் கடை சாத்தும்போது.

உன் கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கால் செருப்பை மட்டும் விலை கேட்கிறாயே, மீதிக் கீபோர்டை யார் தலையில் கட்டுவது? பதில் எழுதத் தாளை எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போதுதான் அந்த சார் எதற்காக வந்தார் என்பதே நினைவுக்கு வந்தது. அவரிடம் இதே மெஷின் இருக்கிறது. கீபோர்டில் காபி கொட்டிவிட்டது, தனிக் கீபோர்டு எங்கேயும் கிடைக்கவில்லை. போன் பண்ணினேன். ஒரு மணி நேரத்தில் வந்து மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு வருஷத்தில் ஒரு மெஷினைப் பாதியாக உடைத்து விற்பது இதுதான் முதல் தடவை. லாபமா நஷ்டமா என்று இன்னும் பிடிபடவில்லை.

மாடியில் டவர் இருக்கிறது. ஐ ஃபைவ், எட்டு ஜிபி, இருபது அங்குல மானிட்டர், கீபோர்டு, மவுஸ். பின்னால் நாலு ஓட்டை வேலை செய்கிறது, முன்னால் இரண்டும் செத்துவிட்டது. திரை மட்டும் பதினெட்டாயிரம், பேனா ஆயிரத்து ஐந்நூறு, டவர் செட் ஆறாயிரத்து ஐந்நூறு. மொத்தம் இருபத்தாறாயிரம். ஹப் உனக்கு இனி தேவையில்லை, திருப்பிக் கொடு.

இன்னொன்று. நீ போன பிறகு கவுண்டருக்கு மூன்று பேர் வந்து மூன்று பேரும் போய்விட்டார்கள். குறை எழுது என்றால் "டெம்பர்ட் கிளாஸ் சேர்க்கவில்லை" என்று எழுதுகிறார்கள். அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. சம்பளம் என்ன என்று நீயே சொல். நாலாவது குறையையும் எழுது, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பழனிச்சாமி


மர்பி டவுன்
19-7-2025

அண்ணா,

கவுண்டருக்கு வர மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன். இப்போது என் வாசலில் என் பேரில் போர்டு இருக்கிறது, ஒன்றாம் தேதி ஒன்பது மணிக்கு நான் வைட்ஃபீல்டில் இருக்க வேண்டும்.

வியாபாரத்துக்கு வருகிறேன். இரண்டு ஓட்டை செத்த டவருக்கு ஆறாயிரத்து ஐந்நூறா? கீபோர்டு இல்லாத திரையை நாளைக்கு நான் விற்கப்போனால் பாதி விலைக்குக்கூடப் போகாது. இருபத்திரண்டாயிரம் தருகிறேன்.

இதுவும் சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வேலைக்கு ஒரு மெஷின் என்று ஆரம்பித்து, ஒன்றரை மெஷினில் வந்து நிற்கிறேன். அதனால் டைம் வேண்டும். ஒன்றாம் தேதியிலிருந்து பத்து நாள். அதற்குள் எது படுத்தாலும் இரண்டையும் லாயிட்டிடம் கொடுத்தனுப்புவேன், முழுப் பணமும் திரும்ப வர வேண்டும்.

குறைகளை நீங்களே எழுதி அனுப்புங்கள். உங்கள் கையால் எழுதி நான் பார்த்ததே இல்லை.

தமயந்தி


எஸ்.பி. ரோடு
21-7-2025

அம்மிணி,

இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு. இதற்குக் கீழே ஒரு ரூபாய் இறங்கினாலும் உனக்காக இறங்கினேன் என்று ஆகும். அது உனக்கும் பிடிக்காது.

குறைகள். ஒன்று, திரையில் தையல் சாஃப்ட்வேரைத் திறக்காதே, நின்றுவிடும், அதில் வரைய மட்டும் செய். இரண்டு, டவர் ஆறு வருஷப் பழசு, கரன்ட் போனால் அதுவும் போய்விடும். மூன்று, இந்த ஜோடி உன் வேலைக்குப் பொருந்துமா என்று விற்கிறவனுக்கே தெரியாது. மூன்றாவதை எழுத இரண்டு நாள் பிடித்தது. எழுதி அடித்தேன், மறுபடி எழுதினேன்.

பத்து நாள் டைம் சரி. முழுப் பணமும் தருகிறேன். ஆனால் லாயிட் கையில் வந்தால் திருப்பி எடுக்க மாட்டேன். நீயே கொண்டு வர வேண்டும். அது நன்றாக ஓட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஓடாவிட்டால் நீ வருவாய். எதை ஆசைப்படுவது என்று எனக்குப் புரியவில்லை. வியாபாரத்தில் இப்படி ஒரு நிலைமைக்கு நான் வந்ததே இல்லை.

பழனிச்சாமி


மர்பி டவுன்
22-7-2025

அண்ணா,

டவர் வந்து சேர்ந்தது. நாற்பதாயிரம் தையலை ஆறு நிமிஷத்தில் முடித்தது. ஹப் லாயிட்டிடம் இருக்கிறது. உங்கள் தாளில் மூன்று குறைக்கும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒப்புக்கொண்டது இது. திரை ஒன்று, பேனா ஒன்று, டவர் செட் ஒன்று. டைம் ஆகஸ்ட் பத்தாம் தேதி மாலை ஆறு மணி வரை. திருப்புவதானால் நானே கொண்டு வருவேன். திருப்பாவிட்டால் வர மாட்டேன். டெலிவரிச் செலவு உங்களுடையது. விலை, கீபோர்டு இல்லாமல், இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு.

தமயந்தி